அக்காவின் குரல் போன இடங்கள்

அவனுக்கு டமாரம் என்று பேர் வைத்தவள் அக்கா. சாப்பாட்டுத் தட்டு, தகரக் கதவு, பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சீட்டு என்று கையில் எது அகப்பட்டாலும் தட்டித் தீர்க்கிற பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைப்பது? பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேர் அவனுக்கே அந்நியமாகிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அவனைப் படிக்கவைத்தாள்; அவன் படிக்காமல் போனதையும் பொறுத்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம், "இவனை ஒரு நிலைக்குக் கொண்டாந்துட்டுப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினாள். இவன் நிலைக்கு வருவதாக இல்லை. பேச்சு எடுப்பவர்கள் வருவது நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வெளிநோயாளிகள் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேர் கூப்பிடுகிற வேலை. கணீரென்ற குரல். காது மந்தமான கிழவர்கள்கூட முதல் அழைப்பிலேயே எழுந்து நிற்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். மைக் மட்டும்தான் கிடையாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

டமாரம் ஒரு போன் ரிப்பேர் கடையில் இருந்தான். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன மடிக்கணினி ஒன்றைத் தேற்றி, அதில் பாட்டுக்கு இசை போடக் கற்றுக்கொண்டான். பாட்டு என்றால் ராப். வார்த்தையை அடுக்கி அடுக்கி, சண்டைக்கு நிற்பதுபோலச் சொல்கிறார்களே, அது. அந்த வார்த்தைகளுக்கு அடியில் ஓடுகிற தாளமும் இசையும்தான் பீட். பாட வருகிறவன் எல்லோருக்கும் பீட் போடத் தெரியாது. அதனால் பீட்டை மட்டும் செய்து இணையத்தில் கடை போட்டு விற்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரே பீட்டைப் பத்துப் பேருக்கு வாடகைக்கு விடுவதுபோலக் கொடுக்கலாம். வாங்குகிறவன் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

அவர்கள் குடியிருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே. கீழே காற்று அடிக்கிற எந்திரம் பகல் முழுக்கத் தும்மிக்கொண்டே இருக்கும். டமாரம் தன் படுக்கையை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வைத்து, அதற்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்தான். ரிப்பேர் கடையை விட்டு நின்றபோது அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எவனாவது சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குவானாடா? இந்தத் தெருவுல சும்மாவே கிடைக்குதே" என்றாள்.

வாங்கினார்கள், ஆனால் வாங்கியவர்களைவிடத் திருடியவர்கள் அதிகம். கேட்டுப் பார்க்க வைத்திருந்ததைப் பதிவிறக்கி, தன் பேரில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதைத் தடுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒவ்வொரு பீட்டின் தொடக்கத்திலும் ஒரு அடையாளக் குரலைச் சேர்ப்பார்கள். டமாரமும் தன் பேரைப் பலவிதமாகச் சொல்லிப் பதிந்து பார்த்தான். எதைக் கேட்டாலும் அவனுக்கே சிரிப்பு வந்தது. மூக்கடைத்த ஆள் பஸ் நிறுத்தம் பேர் சொல்வதுபோல இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அக்கா கண்ணயர்ந்திருந்த நேரம், அவன் மைக்கை மூடாமல் வேலை செய்துகொண்டிருந்தான். பக்கத்து அறையிலிருந்து வந்தது அந்தக் குரல்:

"டேய் டமாரம்! கொஞ்சம் கொறடா! இங்க மனுஷங்க இருக்காங்க!"

பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கத்தலில் தூக்கம் இருந்தது, எரிச்சல் இருந்தது, அடிக்கமாட்டாள் என்கிற நிச்சயமும் இருந்தது. அதற்கு அடுத்த நொடியில் முரசு விழுந்தால் எப்படியிருக்கும்! அன்றிலிருந்து அவனுடைய ஒவ்வொரு பீட்டும் அக்காவின் கத்தலோடுதான் ஆரம்பித்தது. அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அதன் பிறகு கடை சூடு பிடித்தது. மொழி புரியாத நாட்டில் எவனோ, "அந்தப் பொம்பள கத்துற பீட் இருக்கா?" என்று கேட்டு எழுதினான். அக்காவுக்கு விஷயம் தெரிந்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் மகன் மூலம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என் குரலையா விக்கிற?"

"உன் குரலை விக்கலக்கா. அது பூட்டு மாதிரி. திருடன் வரக்கூடாதுன்னு."

"அப்ப என்னைக் காவல் நாய்னு சொல்ற."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு சில நாள் தெரிந்தவர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டாள். "நான் பாடினதே இல்ல, ஆனா எல்லா நாட்டுலயும் என் பாட்டு ஓடுது." வீட்டில் நல்ல அடுப்பு வந்தது. கிழிந்த ஜன்னல் திரை போய்ப் புதுத் திரை வந்தது. டமாரத்தை இனி நிலைக்கு வந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவனிடம் பீட் வாங்கியவர்களில் கரண்ட் என்ற பேரில் பாடுகிற ஒருவன் இருந்தான். அதே ஊர்க்காரன். அந்த ஊரில் இவனுக்குப் போட்டியாக ஸ்பேனர் என்ற பேரில் இன்னொருவன் பாடிக்கொண்டிருந்தான்; பைக் மெக்கானிக். மண்டபத்தில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில், கூட்டத்துக்கு முன்னால் ஸ்பேனர் கரண்டை வார்த்தையாலேயே தோலுரித்துவிட்டான். சனம் கைகொட்டிச் சிரித்தது. சில வாரம் கழித்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் கரண்டின் சேக்காளிகள் ஸ்பேனரை மறித்து அடித்தார்கள். அடி தலையில் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கரண்ட் அந்த இடத்தில் இல்லை என்றார்கள். அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் திரும்பி வந்தார்கள். அவர்கள் வந்த கையோடு கரண்ட் ஒரு பாட்டை வெளியிட்டான். செத்தவன் எப்படி விழுந்தான், எப்படித் துடித்தான், அவன் அம்மா எப்படி அழுதாள் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டிச் சிரிக்கிற பாட்டு. இசை டமாரத்துடையது. முதல் குரல் அக்காவுடையது.

பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. டமாரம் அதைக் கேட்டான். ஒரே ஒரு தடவை. அம்மா அழுவதுபோலக் கரண்ட் குரலை மாற்றுகிற இடத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். 'வித்தாச்சு, இனி அது அவன் பாடு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். அக்காவிடம் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் வேலை முடியுமுன்பே அக்கா வீட்டுக்கு வந்தாள். அப்படி வருகிறவளே அல்ல. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டமாரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க. பிரஷருக்கு மாத்திரை வாங்க. பேர் கூப்பிட்டேன். டாக்டர் ரூமுக்குப் போகாம நேரா என் கண்ணாடிகிட்ட வந்து நின்னாங்க. 'இன்னொரு தடவை கூப்பிடு'ன்னாங்க. காது கேக்கலையோன்னு கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"'நீதானா அது'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. 'எம்புள்ள செத்ததைச் சொல்லிச் சிரிக்கிறானே, அந்தப் பாட்டுல மொதல்ல கத்துறது நீதானே'ன்னாங்க. எங்க வாசல்ல வண்டிய நிறுத்தி அதைப் போடுறாங்க, உன் குரல் வந்ததுமே நான் காதைப் பொத்திக்குவேன், ஆனாலும் கேக்குதுன்னு சொன்னாங்க. திட்டலடா. கையத் தூக்கல. சும்மா சொன்னாங்க. கூடத்துல அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

கீழே எந்திரம் தும்மியது. அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தான்.

"கேட்டேன்க்கா. ஒரு தடவை."

அவள் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மறுநாள் வேலைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மைக்கின் பொத்தானை அழுத்த முடியவில்லை. கை வரவில்லை என்றாள். வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். அக்காவை மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கப் போட்டார்கள்.

டமாரம் கரண்டைத் தேடிப் போனான். கார் கழுவுகிற இடத்தில், நுரை வழிகிற ஒரு வண்டிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வயசில் டமாரத்தைவிடச் சின்னவன். பார்த்ததும் எழுந்து கை கொடுத்தான்.

"அண்ணே, நீங்களா! உங்களாலதான் இன்னிக்கு நான் இருக்கேன்."

"அந்தப் பாட்டை எடுத்துடுப்பா."

"எதுக்குண்ணே?"

"அதுல எங்கக்கா குரல் இருக்கு."

"அது இருக்கிறதாலதான் பாட்டே ஓடுது!" சிரித்தான். டமாரம் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "காசு கொடுத்து முறையா வாங்கினேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க. எந்தப் பாட்டுக்கு, யாரைப் பத்தின்னு அப்ப கேட்டீங்களா?"

"கேக்கல."

"இப்ப மட்டும் ஏன் கேக்குறீங்க?"

வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். டமாரம் வந்த வழியே திரும்பினான். கரண்ட் கேட்ட கேள்வியில் தப்பு எதுவும் இல்லை. அவனை அறுத்தது அதுதான்.

பாட்டை வெளியிட்ட தளத்துக்கு எழுதினான். பாட்டின் வார்த்தை பற்றிப் புகார் சொன்னால், பரிசீலிக்கிறோம் என்று ஒரே மாதிரி பதில் வந்துகொண்டிருந்தது. வேறு வழி ஒன்றுதான் இருந்தது. ஒருவருடைய குரலை அவர் சம்மதமில்லாமல் பயன்படுத்தியிருந்தால், அவரே புகார் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், எல்லாத் தப்பும் டமாரத்தின் தலையில் விழும். அவன் விற்ற ஒவ்வொரு பீட்டிலும் அந்தக் குரல் இருக்கிறது. கடையை மூடவேண்டியதுதான்.

அக்காவிடம் சொன்னான். அவள் நீண்ட நேரம் யோசிக்கவில்லை.

"உனக்குப் பொழப்பு போயிடுமேடா."

"போகட்டும்."

"பொறவு என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காரக் கூடாது."

"உக்காரமாட்டேன்."

அவளே புகார் கொடுத்தாள். அந்தக் குரல் தன்னுடையது, தன்னைக் கேட்காமல் எடுத்தது, அது இருக்கிற எதுவும் தனக்கு வேண்டாம் என்றாள். சில நாளில் கரண்டின் பாட்டு மறைந்தது. டமாரத்தின் கடையும் மறைந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினார்கள். அவன் எல்லாவற்றையும் படித்தான். மனசு லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தான்.

அதைச் சொல்லத்தான் இருவரும் அந்த அம்மா வீட்டுக்குப் போனார்கள். குறுகலான சந்தில் கடைசி வீடு. முன்னறையில் தையல் எந்திரம். அதைச் சுற்றித் தலையணை உறைகள் மலைபோலக் குவிந்திருந்தன. லாட்ஜுகளுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். தெருவில் எல்லோரும் தையல்காரம்மா என்றார்கள். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

டமாரம் நின்றபடியே சொன்னான். "அந்தப் பாட்டை எடுத்தாச்சும்மா. இனிமே யாராலயும் அங்க போய்க் கேக்க முடியாது. நான்தான் அந்த இசை போட்டது. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீதான் எடுத்தியா?"

"ஆமா."

"அப்ப எம்புள்ள பாட்டையும் எடுத்தது நீதான்."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு போனை எடுத்துவந்து நீட்டினாள். மகன் பாடி இணையத்தில் போட்டிருந்த பக்கம். வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும், குரல் உரிமையாளரின் புகாரின்பேரில் நீக்கப்பட்டது என்று இருந்தது.

"அவன் உன் இசையிலதான் பாடுவான். இந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு குரல் எனக்கு எப்படித் தெரியும்னு நெனச்சே? ரெண்டு வருஷமா இந்த வீட்டுல கேட்ட குரல்டா அது. அது கத்தும், அவன் பாட ஆரம்பிப்பான். 'பாரும்மா, அங்கயும் ஒருத்தி உன்னை மாதிரியே கத்துறா'ம்பான். எனக்கும் சிரிப்பா வரும். அவனை அடிச்சுப் போட்ட பொறவு அந்தப் பாவிங்க அதே குரல வச்சுப் பாட்டுப் போட்டாங்க. அது போகட்டும்னுதான் இருந்தேன். இது இருந்துச்சே எனக்கு. மெஷின் மேல போன வச்சுப் போட்டுக்கிட்டுத் தைப்பேன். போன வாரம் போட்டேன், வரல. போன் கெட்டுப்போச்சுன்னு கடைக்குக் கொண்டுபோனேன். போன்ல ஒண்ணுமில்லம்மான்னுட்டான்."

தளத்தின் எந்திரம் ஒவ்வொரு பாட்டாகத் தேடி, அக்காவின் குரல் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. கொன்றவன் பாட்டு, செத்தவன் பாட்டு என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. இப்படி ஆகும் என்று டமாரத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. ஸ்பேனர் என்று ஒருவன் தன்னிடம் பீட் எடுத்திருந்தான் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் எங்கயாவது சேத்து வச்சிருப்பானாம்மா? கம்ப்யூட்டர், வேற போன்..." என்றான் டமாரம்.

"அவன் போன் அன்னிக்கே ஒடஞ்சுபோச்சு. போலீஸ்ல இருக்கு."

புகாரைத் திரும்பப் பெறுகிறோம், செத்தவனின் பாட்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார்கள். பாட்டைப் போட்டவரே வந்து கேட்கவேண்டும் என்று பதில் வந்தது. போட்டவர் இறந்துவிட்டார் என்று எழுதினான். சான்றிதழ் கேட்டார்கள். தையல்காரம்மாவிடம் வாங்கி அனுப்பினான். குறிப்பிட்ட காலம் தாண்டிவிட்டதால் கோப்புகள் நிரந்தரமாக அழிக்கப்பட்டன, தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று முடித்துவிட்டார்கள்.

டமாரம் ஸ்பேனரின் சேக்காளிகளை ஒவ்வொருவராகத் தேடி அலைந்தான். போட்டி நடந்த மண்டபத்துக்குப் போனான். ஒலிப்பதிவு எதுவும் இல்லை. கடைசியில் அவன் வேலை பார்த்த பட்டறை முதலாளியின் போனில் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் எதிலோ டமாரத்தின் பீட் அக்காவின் கத்தலோடு ஆரம்பிக்கிறது; ஸ்பேனர் ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டே பாடுகிறான். பாதிப் பாட்டுதான். அப்புறம் முதலாளி, "வாயால வேலை செஞ்சது போதும், கையால செய்" என்கிறார்; அவன் சிரிக்கிறான்; அத்தோடு நிற்கிறது. அதை எடுத்துக் கொடுக்கும்போது முதலாளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டமாரம் வீட்டுக்கு வந்து அதைக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். இசைக்காரன் காதுக்கு ஒரு விஷயம் தப்பவில்லை: செத்தவனுக்கு நல்ல தாளக்கட்டு. மூச்சை எங்கே எடுக்கிறான் என்றே தெரியவில்லை. ஊரில் பத்து வருஷத்துக்கு ஒருத்தன் இப்படி வருவான். உயிரோடு இருந்தபோது இவன் ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் நான் பதில் போட்டிருப்பேனா என்று யோசித்தான். போட்டிருக்கமாட்டான். வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கெல்லாம் பதில் போட நேரம் ஏது?

அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், பதிவைத் தையல்காரம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தான். எங்கே அமுக்கவேண்டும் என்று காட்டினான். அவள் அமுக்கவில்லை.

"இதுலயும் மொதல்ல அந்தக் கத்தல் வருமா?"

"வரும்மா. வெட்டிடட்டுமா?"

யோசித்தாள். "வேண்டாம். இருக்கட்டும். இன்னிக்கு வேண்டாம், வேலை கிடக்கு." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உறையை எடுத்து ஊசிக்குக் கீழே தள்ளினாள். அவள் அதைப் போட்டுக் கேட்டாளா, இல்லையா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

புறப்படும்போது அக்கா வாசலில் தயங்கினாள். "நான் அப்பப்ப வரட்டுமாம்மா? கூடமாட ஏதாவது..."

"வா," என்றாள் தையல்காரம்மா, தலையைத் தூக்காமல். "வந்தா வாயத் தொறக்காத. என்னால முடியல."

கொலை வழக்கு இன்னும் நடக்கிறது. கரண்ட் வேறு ஒருவனிடம் பீட் வாங்கிப் புதுப் பாட்டுப் போட்டுவிட்டான். பழைய பாட்டு முழுசாகச் சாகவும் இல்லை. யார் யாரோ வேறு வேறு பேரில் ஏற்றுகிறார்கள். கண்ணில் படும்போதெல்லாம் டமாரம் அக்காவின் பேரில் புகார் கொடுத்து எடுக்கவைக்கிறான். எடுத்த இடத்தில் இன்னொன்று முளைக்கிறது. அவன் இப்போது மேடைகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் வேலை பார்க்கிறான். பெட்டி தூக்கி, ஒயர் இழுத்து, மைக் சரியாக இருக்கிறதா என்று ஹலோ சொல்கிறான். நேரம் கிடைத்தால் பீட் போடுகிறான். அடையாளக் குரல் எதுவும் கிடையாது. திருடுகிறவன் திருடிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டான். வாங்க வருகிறவனிடம், எதைப் பற்றிப் பாடப்போகிறாய் என்று கேட்கிறான். பாதிப் பேர் பதில் சொல்லாமலே வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தலைவாரிக்கொண்டு அந்தச் சந்துக்குக் கிளம்புகிறாள். சாயங்காலம்தான் திரும்புகிறாள். அவ்வளவு நேரம் அக்கா வாய் மூடி இருப்பாள் என்பதை டமாரத்தால் நம்ப முடியவில்லை. ஒருநாள் கேட்டான்.

"அங்க போய் என்னதான் பண்ணுவ?"

"நூல் வெட்டுவேன். உறையத் திருப்பிப் போட்டு மடிப்பேன்."

"அவங்க ஏதாவது பேசுவாங்களா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"கோணலா மடிக்கிறேன்னு சொல்வாங்க."